எழுதாத கட்டங்களைக் கைவிடுதல்

கணினியில் ஒரு படத்தை அழித்தால் அது அழிந்துவிடுகிறது என்று நம்புகிறவர்கள், பூமி தட்டை என்று நம்பியவர்களைவிட எண்ணிக்கையில் அதிகம் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். தெரிவித்துக்கொள்வது மின்விசிறியிடம். அறையில் வேறு யாரும் இல்லை. இரண்டு கண்ணிலும் மெட்ராஸ் ஐ வந்து, கருப்புக் கண்ணாடி போட்டு, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கட்டிலில் மல்லாந்து கிடக்கிற ஐம்பது வயதுக்காரனிடம் யார் வந்து உட்காருவார்கள். அழிவது படம் அல்ல, படம் இருக்கிற இடத்தின் முகவரி. வீடு அப்படியே நிற்கும். வாசலில் இருந்த பெயர்ப்பலகையை மட்டும் கழற்றிவிட்டு, இந்த வீடு காலி என்று குறித்துக்கொள்வதற்குத்தான் அழித்தல் என்று பெயர். உள்ளே நாற்காலி கிடக்கும், அடுப்பு கிடக்கும், ஆணியில் காலண்டர் தொங்கும், அடுத்த குடித்தனம் வந்து தூக்கி எறியும் வரைக்கும். இது ‘பொதுநம்பிக்கைத் திருத்தக் களஞ்சியம்’ என்ற நூலின் முதல் பதிவு. நூலாசிரியர் சென்னியப்பன், அதாவது நான். நூல் இன்னும் எழுதப்படவில்லை. அதை ஒரு குறையாக நான் நினைப்பதில்லை, கூடத்து அலமாரியில் நடுத்தட்டு இருபது வருடமாக அதற்காகக் காலியாகத்தான் இருக்கிறது, நான்கு தொகுதிகள் தாராளமாக நிற்கும். இரண்டாம் பதிவு, மெட்ராஸ் ஐ வந்தவரின் கண்ணைப் பார்த்தால் தொற்றிக்கொள்ளும் என்பது. தொற்றாது. தொட்ட கை, துடைத்த துண்டு, கை பட்ட சாமான், இவை வழியாகத்தான் அது போகும். இதை என் மனைவி தெய்வானையிடம் காலையில் நானே மருந்து விட்டுக்கொள்ளும்போது ஒரு முறையும் சோறு வைக்கும்போது ஒரு முறையும் விளக்கினேன். அவள் கதவுக்கு வெளியே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்று, தட்டை மட்டும் காலால் தள்ளாத குறையாக உள்ளே அனுப்பினாள். “உங்க சைன்ஸு உங்களோடயே இருக்கட்டுங்க. என்னையப் பாக்காதீங்க.”

திருப்பூரில் இந்நேரம் எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது, கண்ணைத் திறந்தாலும் அதைத் தவிர ஒன்றும் சரியாகத் தெரிவதில்லை. பனியன் துணி பின்னுகிற வட்ட எந்திரம், ஆளைவிட உயரம், விளிம்பு முழுக்க ஊசிகள் ஏறி இறங்கி ஏறி இறங்கிச் சுற்றும், அதன் வயிற்றிலிருந்து துணி பெரிய குழாய் மாதிரி மெல்ல இறங்கும். துணிக்கு எதிரே எங்கள் பெட்டி. பெட்டிக்குள் ஒரு கேமரா, ஒரு சின்னக் கணினி, கட்டைவிரல் அகலத்தில் ஒரு டிஸ்க். இறங்குகிற துணியை ஓயாமல் படம் எடுக்கும், ஓட்டை தெரிந்தால் எந்திரத்தை நிறுத்தும், படங்களைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து அழிக்கும். துணி நிறைந்து ரோலைக் கழற்றுகிற நேரத்தில் எதிரே துணி இருக்காது, அப்போது யார் நிற்கிறாரோ அவரைப் படம் எடுத்துவைக்கும். மில் மாஸ்டர் ரங்கராசுவின் சட்டையில் இருந்த கிழிசலை ஒரு முறை குறை என்று அறிவித்து விளக்கை எரியவிட்டது. அதில் பிழை இல்லை, கிழிசல் கிழிசல்தான். பெட்டி எங்களுடையது, அதாவது என்னுடையதும் சுகந்தியுடையதும். சுகந்தி பழைய கம்பெனியில் எனக்குப் பக்கத்து நாற்காலி, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், என்னை அண்ணா என்பாள், நான் அம்மணி என்பேன், கோயமுத்தூரில் சேர்ந்து தொழில் செய்ய அதற்கு மேல் உறவு தேவையில்லை. கேமராவும் மில்லும் அவள் பொறுப்பு; டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிற நிரல் என் பொறுப்பு. மூன்று மில்காரர்கள் பெட்டியை வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். இவர் நான்காமவர். இன்றைக்கு விஜயதசமி. “புதுசா எதையும் ஆரம்பிக்க நல்ல நாளுங்க. பகல் ஷிப்டு பூராவும் பொட்டி விக்கல் இல்லாம ஓடட்டும், வெச்சுக்கறேன். இல்லீன்னா சாயந்தரமே கழட்டீட்டுப் போயிருங்க.” இது முதலாளி சொன்னது. இவரும் கழற்றச் சொன்னால் வேறு ஆள் இல்லை. சுகந்தி பெங்களூரில் கிடைத்த வேலைக்குப் போய்விடுவாள், பதில் சொல்ல இன்று இரவுவரை அவர்களிடம் கேட்டிருக்கிறாள். நான் எங்கே போவேன் என்று யாரும் இதுவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சிறிய முன்னுரையோடு பதில் சொல்லியிருப்பேன்.

பகல் ஷிப்ட் டீ நேரத்துக்குப் பிறகு முடியும். இன்னும் டீ நேரம் வரவில்லை. வந்திருந்தால் சமையலறையில் பாத்திரம் சத்தம் கேட்டிருக்கும். பெட்டி விக்கும் என்று அவர் சொன்னது சரியான சொல், நான்கூட அதைவிட நல்ல சொல் கண்டுபிடிக்க முயன்று தோற்றேன். படம் எடுத்துக்கொண்டே இருக்கும், திடீரென்று ஒரு மூச்சுக்கு நின்றுவிடும், பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தொடரும், அந்த ஒரு மூச்சில் ஓட்டை போய்விடும். இதற்கு முந்தைய மில்லில் ஒரு ஊசி உடைந்து, பெட்டி விக்கிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, துணியில் மேலிருந்து கீழ்வரை ஏணி மாதிரி பிரிந்துகொண்டே போயிற்று. சுகந்தி அந்தத் துண்டை மட்டும் வெட்டி வாங்கி, நாலாக மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அந்தப் பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அந்த ஜிப் சத்தம் இப்போது மின்விசிறியில் கேட்கிறது. தெய்வானை இதற்கு எண்ணெய் விடச் சொல்லி ஆறுமாதம் ஆகிறது. விக்கல் ஏன் வருகிறது என்பது எங்களுக்கு அப்போதே தெரியும். டிஸ்க் என்பது சின்னச் சின்னக் கட்டங்கள்; இந்த வகை டிஸ்க் எழுதிய கட்டத்தின் மேல் எழுதாது. முதலில் துடைக்கவேண்டும், துடைப்பது மெதுவான வேலை. ஆகவே எந்தக் கட்டங்கள் இனி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், சும்மா இருக்கிற நேரத்தில் துடைத்து வைத்துக்கொள்ளும். அப்படிச் சொல்வதற்கு டிஸ்கார்ட் என்று பெயர். நான் கைவிடல் அறிவிப்பு என்பேன், சுகந்தி அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் கொட்டாவியை அடக்குவாள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் டிஸ்க் மலிவானது, ஒரு அறிவிப்பைக் கேட்டு வாங்கவே அதற்கு மூச்சு வாங்கும், எழுதிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கும். அதுதான் விக்கல். படம் அழிப்பதோ எப்போதாவது மொத்தமாக, அறிவிப்புகளோ நொடிக்கு நொடி. அழிக்காத நேரத்தில் இத்தனை அறிவிப்பு யார் செய்கிறார்கள் என்பதுதான் புரியாமல் இருந்தது, நேற்று வரைக்கும்.

நேற்று சரஸ்வதி பூசை. படத்துக்கு முன்னால் புத்தகங்களை அடுக்கி, அடுக்கின் உச்சியில் என் மடிக்கணினியை வைத்து, அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டி முடிந்ததும், வருடா வருடம் செய்கிற அறிவிப்பைச் செய்தேன். களஞ்சியம் எழுதும் எண்ணத்தை இத்துடன் கைவிடுகிறேன். இதைத் தெளிவான குரலில், வினைமுற்றோடு சொல்வது வழக்கம். தெய்வானை பொரியில் கடலையையும் நாட்டுச் சர்க்கரையையும் கலந்துகொண்டே நிமிராமல் சொன்னாள். “எழுதுனவன் விட்டுட்டேன்னு சொன்னா ஒரு அர்த்தம் இருக்குதுங்க. ஒரு வரி எழுதாத பொஸ்தகத்த விட்டுட்டேன்னு சாமிய நிறுத்தி வெச்சுச் சொல்லோணுமா? அதுக்கு வேற வேல இல்லையாக்கும்?” பதில் சொல்வதற்காக வாயில் இருந்த பொரியை மென்றேன். மென்று முடிப்பதற்குள் பெட்டியின் விக்கல் எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டுவிட்டது. ஒரு படம் எவ்வளவு பெரிதாகும் என்று அதை எழுதி முடிக்கும் வரை தெரியாது. ஆகவே என் நிரல் ஒவ்வொரு படத்துக்கும் தாராளமாக இடம் பிடித்துவைக்கும், பந்தியில் வருவாரோ மாட்டாரோ என்கிற மாமனுக்கும் சேர்த்து இலை போடுவது போல. படம் எழுதி முடிந்ததும் மிச்ச இடத்தை விடுவிக்கும். விடுவிக்கிற வேலையைச் செய்யும் பகுதி, விடுவிப்பது எதுவானாலும் சரி, டிஸ்க்கிடம் ஓடிப்போய் நிறுத்தி, இந்தக் கட்டங்களை நாங்கள் கைவிடுகிறோம் என்று சொல்லும். ஒரு எழுத்துகூட எழுதாத கட்டங்களை. ஒவ்வொரு படத்துக்கும், வினைமுற்றோடு. அந்தப் பகுதியை எழுதியவன் யார் என்று நான் பார்க்கப் போகவில்லை, நடையிலிருந்தே தெரிந்தது. கை கழுவாமல் அடுக்கின் உச்சியிலிருந்து மடிக்கணினியை எடுத்தேன். “இன்னிக்குப் போயி எழுதுனா கண்ணு போயிருமுங்க” என்றாள் தெய்வானை. பூசையன்று எழுதினால் கண் போகும் என்பது களஞ்சியத்தில் எத்தனையாவது பதிவு என்று அவளிடம் சொல்லிவிட்டு, குங்குமம் ஒட்டிய விசைகளில் நாலு வரி எழுதினேன். இந்தக் கட்டங்களில் எழுதியதுண்டா என்ற குறியைப் பார்; இல்லை என்றால் பேசாமல் விடுவித்துவிடு; டிஸ்க்கைத் தொந்தரவு செய்யாதே. சாயந்தரம் கண் அரிக்க ஆரம்பித்தது. இன்று விடிவதற்குள் இமை ஒட்டிக்கொண்டது. சுகந்தி வாசலில் நின்று மடிக்கணினியை வாங்கிக்கொண்டு, “உங்க கண்ணப் பாக்கலைங்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திருப்பூர் பஸ்ஸுக்கு ஓடினாள்.

நாலு வரிதான். நாலு வரியைத் திரையில் பார்க்காமல் மனத்திலேயே வாசிப்பது கஷ்டமில்லை, பார்க்காமல் நம்புவதுதான் கஷ்டம். முதல் வரி குறியை எடுக்கிறது, இரண்டாம் வரி கேட்கிறது, மூன்றாம் வரி விடுவிக்கிறது, நான்காம் வரி திரும்புகிறது. முதல் வரி குறியை எடுக்கிறது. குறியை எங்கிருந்து எடுக்கிறது, படத்தின் பட்டியலிலிருந்து எடுக்கிறது. எழுதி முடித்த பிறகுதான் குறி மாறுமா, எழுதத் தொடங்கும்போதே மாறுமா. தொடங்கும்போதே மாறும், அப்படித்தான் வைத்தேன், வைத்தேனா, வைத்தேன். சொட்டு மருந்து தொண்டையில் இறங்கிக் கசக்கிறது. கண்ணில் விட்டது வாயில் கசக்கும் என்பதை மட்டும் யாரும் நம்புவதில்லை, இது ஒன்றுதான் உண்மை. தெருவில் மாநகராட்சிக் குப்பை வண்டி வருகிறது, இன்று இரண்டாம் நடை, நேற்று உடைத்த பூசணிக்காயும் வாழைக்கன்றும் தெரு முழுக்கக் கிடப்பதால். வண்டிக்காரப் பெண் ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் நின்று விசில் ஊதுகிறாள். எதிர்வீட்டுக்கு ஊதினாள், எங்கள் வீட்டுக்கு ஊதினாள். பக்கத்தில் காலி மனை. அதற்கும் ஊதினாள். அங்கே யாரும் குடியிருந்ததில்லை, கடைக்கால்கூடப் போடவில்லை, ஆனாலும் வண்டி நிற்கிறது, விசில் ஊதுகிறது, பின்னால் ஸ்கூட்டர்க்காரன் ஹாரன் அடிக்கிறான். நான் படுத்தபடியே சிரித்தேன், பார் என் நாலு வரியை, அந்த ஸ்கூட்டர்க்காரன் இனி எங்கும் நிற்கவேண்டியதில்லை. அப்போது தெய்வானை வாசலில் வண்டிக்காரப் பெண்ணிடம் பேசுவது கேட்டது. “அந்த மனையில என்னத்துக்கு அம்மணி ஊதற?” “ஆளில்லைதாங்க்கா. ஆனா போன வருசம் பூரா இந்தத் தெருவுக்கு வண்டி வல்லீல்ல, அப்பக் கொட்டுனது எல்லாம் உள்ள அப்படியே கெடக்குதுங். அள்ளறதுக்கு ஆளக் கூப்பிடறேன்.”

சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். எழுதப்படவில்லை என்கிறது குறி. யாரால் எழுதப்படவில்லை? இந்தப் படத்தால். இந்தப் படம் அந்தக் கட்டத்தைப் பிடித்தது, எழுதவில்லை, விடுகிறது. அதற்கு முன்னால் அந்தக் கட்டத்தில் யார் இருந்தார்கள் என்று குறிக்குத் தெரியாது. இந்தப் பிறவியில் எழுதப்படவில்லை. முற்பிறவியில்? முற்பிறவியில் எழுதப்பட்டிருந்தால், அது முடிந்தபோதே அறிவித்திருப்போம், டிஸ்க்குக்குத் தெரிந்திருக்கும், துடைத்திருக்கும். எப்போதும் அறிவித்திருப்போம் அல்லவா. அல்ல. பூசைக்கு முன்னால் ஒரு மூன்று வாரம் அறிவிப்பே இல்லாமல் ஓட்டினோம். விக்கலை நிறுத்த சுகந்திதான் முதலுதவியாக அறிவிப்பை முழுக்க அணைத்துவைத்தாள், என்னைக் கேட்டுத்தான் அணைத்தாள். விக்கல் நின்றது, கடைசியில் துடைத்த இடமே இல்லாமல் டிஸ்க் தொண்டை அடைத்துக்கொண்டது, மறுபடி அறிவிப்பைப் போட்டோம், மறுபடி விக்கல். அந்த மூன்று வாரத்தில் அழித்த படங்கள் அத்தனையும் டிஸ்க்கைப் பொறுத்தவரை இன்னும் உயிரோடு இருக்கின்றன. யாரும் வந்து சொல்லவில்லையே, அது காவல் காத்துக்கொண்டு நிற்கிறது, காலி வீட்டின் நாற்காலிக்கும் அடுப்புக்கும். பழைய நிரல் தேவையில்லாமல் ஓயாமல் அறிவித்ததே, அந்தத் தொணதொணப்பில் தற்செயலாக ஒரு நல்ல காரியம் நடந்திருக்கும். எழுதாமல் விட்ட கட்டங்களைக் கைவிடும்போது அதற்கு முன்னால் கிடந்த குப்பையும் சேர்ந்து போயிருக்கும். அதை நான் நிறுத்திவிட்டேன். நாலு வரியில். நடையழகோடு. ஆகவே என்ன நடக்கும் என்றால், காலையில் ஒன்றும் தெரியாது. துடைத்துவைத்த கொஞ்ச இடம் தீரும் வரைக்கும் பெட்டி தண்ணீர் மாதிரி ஓடும், சுகந்தி சிரிப்பாள், மாஸ்டர் தலையாட்டுவார். மத்தியானம் தாண்டும். இடம் தீரும். டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக, முதலாளி வந்து எதிரே நிற்கிற நேரமாகப் பார்த்து, விக்கலாக இல்லாமல் அடைப்பாகவே வரும். செய்யவேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, ஓட்டத்தைத் தொடங்குமுன் டிஸ்க் முழுவதையும் ஒரு முறை பார்த்து, காலியாக இருக்கிற இடத்தை எல்லாம் மொத்தமாகக் கைவிடச் சொல்லும் கட்டளை. அதை ஓட்ட நேரமாகும், ஓடும்போது பெட்டி வேறு எதுவும் செய்யாது. எந்திரம் நிற்கிறபோது செய்திருக்கலாம். இப்போது செய்தால் அதுவே பெரிய விக்கல். காலையில் வாசலில் அவளிடம் அதைச் சொல்லியிருக்கலாம், ஒரு வாக்கியம். நான் அந்த நேரத்தில் மெட்ராஸ் ஐ எப்படித் தொற்றும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

கைபேசி தலையணைக்குக் கீழே இருந்தது. கண்ணாடியைக் கழற்றினால் திரை முழுக்க வெள்ளைத் தீ, போட்டால் இருட்டு. “தெய்வானை, சுகந்திக்கு ஒரு போன் போட்டுக் குடேன்.” அவள் வந்து, புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்தபடி கைபேசியை எடுத்துக் கடைக்கண்ணால் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி, எடுக்கவில்லை. மில் சத்தத்தில் பையில் இருக்கிற கைபேசி கேட்காது. “மாஸ்டருக்குப் போடு, ரங்கராசுன்னு இருக்கும்.” அவர் எடுத்தார். பின்னால் எந்திர இரைச்சல், ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் பல் கடிப்பது போல. “அலோ. சத்தமாப் பேசுங்க. ஆரு, சென்னியப்பனுங்களா? கண்ணு எப்படி இருக்குது?” பெட்டி ஓடுகிறதா என்று கேட்டேன். “ஓடுதுங்க.” நிற்கிறதா, இடையில் எங்கேயாவது நிற்கிற மாதிரி தெரிகிறதா என்று கேட்டேன். “ஏனுங்க, நல்ல நாளும் அதுவுமா நிக்குதா நிக்குதான்னு கேக்கறீங்க. கேட்டாத்தான் நிக்கும். ஓடற மெஷின்கிட்ட அந்தப் பேச்சே பேசக்கூடாது.” சுகந்தியிடம் கொடுக்க முடியுமா என்றேன். “அந்தப் புள்ள மெஷினுக்குப் பின்னாடி நிக்குதுங்க, முதலாளி வந்திருக்காரு, ரெண்டு பேரும் துணியத் தூக்கிப் பாத்துட்டு நிக்கறாங்க. அப்பறம் பேசச் சொல்றேன், வெக்கறேன்.” வைத்துவிட்டார். தெய்வானை கைபேசியைத் தலையணை மேல் போட்டுவிட்டு, தலைப்பை உதறிக்கொண்டே, “என்னங்க, மொகம் இப்படி ஆயிருச்சு” என்றாள். என்னைப் பார்க்காமல் அது எப்படி அவளுக்குத் தெரிந்தது என்று கேட்டிருக்கலாம். “ஒண்ணுமில்ல, மருந்து கசக்குது” என்றேன்.

துணியைத் தூக்கிப் பார்க்கிறார்கள். ஏன் தூக்கிப் பார்க்கவேண்டும், ஒழுங்காக இருக்கிற துணியை யார் தூக்கிப் பார்ப்பார்கள், மில்காரர் தூக்கிப் பார்ப்பார், அவர் துணி அவர் தூக்குகிறார். அல்லது ஏணி. மேலிருந்து கீழ்வரை ஏணி மாதிரி பிரிந்து, அதை அவர் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, வெளிச்சத்துக்குக் காட்டி, சுகந்தி கைப்பையின் ஜிப்பைத் திறந்து. பெங்களூரில் அவளுக்குக் கண்ணாடி வைத்த அலுவலகம் இருக்கும், குளிர்ச்சியாக இருக்கும், பஞ்சு பறக்காது, மதியம் இலவசச் சாப்பாடு, அதில் தினமும் சப்பாத்தி. அவளுக்குச் சப்பாத்தி பிடிக்காது. டிஸ்க்கில் துடைத்த இடம் எவ்வளவு இருந்திருக்கும்? கொஞ்சம். கொஞ்சம் என்றால்? காலை ஏழுக்குத் தொடங்கியிருந்தால் இந்நேரம் தீர்ந்திருக்கவேண்டும், தீர்ந்திருந்தால் மாஸ்டர் ஓடுதுங்க என்று சொல்லியிருக்கமாட்டார், ஆனால் அவர் நல்ல நாளில் வேறு எதையும் சொல்லமாட்டார், எந்திரம் தீப்பிடித்தாலும் ஓடுதுங்க என்பார். கண்ணுக்குள் நாடி துடிக்கிறது, இடது கண் கொஞ்சம் முந்தி, வலது கண் கொஞ்சம் பிந்தி. முதல் வரி குறியை எடுக்கிறது. குறியில் பிழை இல்லை, குறி உண்மையைத்தான் சொன்னது, நான் கேட்ட கேள்விதான் குறுகியது. எழுதினாயா என்று கேட்டேன், இல்லை என்றது. உனக்கு முன்னால் யாராவது என்று கேட்டிருக்கவேண்டும். ஐந்தாவதாக ஒரு வரி. அல்லது வரியே வேண்டாம், எந்திரம் நிற்கிற நாளில், வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தமாகக் கூட்டிப் பெருக்கினால் போதும். அதுதான் சரி. எத்தனை சுலபம். இவ்வளவு சுலபமானது வாசலில் அவள் நின்றபோது ஏன் வரவில்லை. இப்போதும் வழி இருக்கிறது என்று ஒரு எண்ணம் எங்கிருந்தோ தலையை நீட்டுகிறது: இன்று அடைத்தாலும், கழற்றினாலும், ஏன் அடைத்தது என்று இப்போது தெரியும். முதல் மூன்று மில்லில் தெரியாது. ஐந்தாம் மில் என்று ஒன்று திருப்பூரில் இல்லாமலா போய்விடும், ஊரே பனியன். சுகந்தியிடம் அப்படிச் சொல்லலாம். முன்னுரை இல்லாமல் சொல்லவேண்டும். சமையலறையில் பாத்திரம் சத்தம். பால் வைக்கிறாள்.

கைபேசி அடித்தபோது டீ கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. தடவி, பச்சையோ சிவப்போ தெரியாமல், ஏதோ ஒன்றை இழுத்தேன். “ங்ணா, கண்ணு எப்படி இருக்குதுங்?” “அத விடு அம்மணி. சொல்லு.” “நாலு தடவ நின்னுச்சுங்ணா.” மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. “பொட்டி நிக்கலைங்ணா. பொட்டி மெஷின நிறுத்துச்சு. நாலும் நெசமான ஓட்டை. ஒண்ணு ஊசி ஒடஞ்சு, விரல் நொழையற அளவுகூட ஆகல, அதுக்குள்ள நிறுத்தீருச்சு. முதலாளி துணியத் தூக்கி வெளிச்சத்துல பாத்தாரு. ஷிப்டு முடிஞ்சுதுங்ணா, ஒரு விக்கல் இல்ல.” நான் எழுந்து உட்கார்ந்தேன். டிஸ்க்கில் துடைத்த இடம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. “எக்கச்சக்கமா இருக்குதுங்ணா. நேத்துத்தான் பூராத்தையும் பெருக்கி விட்டேனே.” யார் சொல்லிப் பெருக்கினாய் என்றேன். அவள் சிரித்தாள். “மாஸ்டர்தாங்ணா. ஆயுத பூசைன்னு மெஷின் எல்லாம் கழுவித் தொடச்சு சந்தனம் வெச்சுட்டு இருந்தாங்க. எங்கிட்ட ஒரு பனியன் துணியக் குடுத்து, எல்லா ஆயுதமும் சுத்தமா நிக்கையில உங்க பொட்டி மட்டும் அழுக்கா இருந்தா சாமி என்ன நெனைக்குமுங்கன்னாரு. வெளிய தொடச்சேன். மில்லுதான் நிக்குதே, உள்ளயும் ஒருக்கா தொடச்சுப்போடலாம்னு, காலி எடம் மொத்தத்தையும் கைவிடச் சொல்லி ஓட்டி விட்டுட்டேன். பொங்கல் சாப்பிட்டு வர்ற வரைக்கும் பொட்டி அசையல. பூசைக்கு மரியாதையா நிக்குதுன்னு மாஸ்டர் எல்லார்கிட்டயும் காட்டிட்டு இருந்தாரு. ஏனுங்ணா, செஞ்சிருக்கக் கூடாதுங்களா?” “இல்ல அம்மணி, செய்யலாம். இனி வாராவாரம் மில் லீவு அன்னிக்குச் செய்.” “இதத்தான் நீங்க காலைல வாசல்ல சொல்ல மறந்தீங்களா?” “எதை?” என்றேன். அவள் விட்டுவிட்டாள். முதலாளி என்ன சொன்னார் என்று கேட்டேன். “ஒண்ணும் சொல்லலைங்ணா. உள்ள இன்னும் எத்தன மெஷினுக்குப் பொட்டி வெக்க எடம் இருக்குதுன்னு மாஸ்டர்கிட்டக் கேட்டாரு. மாஸ்டர் எல்லாத்துக்கும்னு சொல்லீட்டாரு.” “பெங்களூருக்கு?” “வல்லைன்னு போட்டு விட்டுட்டேன், இப்பத்தான். மாஸ்டரும் முதலாளியும் உங்க லேப்டாப்புல படத்த மாத்தி மாத்திப் பாத்துட்டு இருக்கறாங்க, வாங்கீட்டு வந்தர்றேன். கண்ணு வேற உறுத்துதுங்ணா, பஞ்சு விழுந்திருச்சாட்ட இருக்குது.”

வைத்த பிறகு டீயைக் குடித்தேன், ஆடையோடு, ஆறிப்போனதை. சொட்டு மருந்தின் கசப்பைத் தாண்டி அதில் ஏலக்காய் தெரிந்தது. தேவையில்லாத அறிவிப்பை நொடிக்கு நொடி செய்யக்கூடாது. ஆனால் காலமெல்லாம் செய்யாமலும் இருக்கக்கூடாது. எல்லாம் நிற்கிற ஒரு நாளில், மொத்தமாக, ஒரு முறை. அப்படிப் பார்த்தால், வருடத்துக்கு ஒரு முறை, பூசையன்று, சாமியை நிறுத்திவைத்து நான் செய்துவந்த அறிவிப்பு முறையானது மட்டுமல்ல, முன்மாதிரியானது. இருபது வருடமாக நான் சரியாகத்தான் செய்துவந்திருக்கிறேன், தெய்வானைதான் அதன் பொறியியலைக் கவனிக்கவில்லை. இதை அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கதவுக்கு வெளியே, முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்து, தம்ளரை வாங்கக் கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றாள், தலைப்பு மணிக்கட்டுவரை சுற்றியிருந்தது. “என்னமோ சிரிக்கறாப்புல இருக்குது” என்றாள். அவள் சொன்ன ஒரு வார்த்தையில்தான் பெட்டி ஓடியது என்று சொன்னேன். எந்த வார்த்தை என்று கேட்டாள். பொரி கலக்கும்போது சொன்னது என்றேன். “அது உங்களத் திட்டுனதுங்க” என்றாள் அவள். தம்ளரை வாங்கிக்கொண்டாள். பிறகு கூடத்துக்குப் போய் அலமாரியின் நடுத்தட்டைத் துணியால் துடைக்கிற சத்தம் கேட்டது, காலியாக இருக்கிற தட்டில் துணி நீளமாகப் போய் நீளமாகத் திரும்பி வருகிற சத்தம். அதில் எதையும் வைக்கிற சத்தம் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, ரோலைக் கழற்றுகிற நேரத்தில் பெட்டி எடுத்த ஒரு படத்தைச் சுகந்தி அனுப்பினாள். துணி இருக்கவேண்டிய இடத்தில் மாஸ்டரும் முதலாளியும் அவளும் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள்.